வீடே காட்சிப்பொருள்: சிங்கப்பூர் பாபா இல்லத்தைப் பார்க்க ஓர் அறிமுகம்

சிங்கப்பூரில் ஊட்ரம் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் நீல் ரோட்டில் 157-ஆம் எண் வீடு வரும். நீல வண்ண முகப்பு. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய அண்டை வீடுகள். சுமார் 1895-ல் கட்டிய வீடு இது. கப்பல் தொழிலில் பேர்பெற்ற ஒரு குடும்பத்தின் கையில் பல தலைமுறைகள் இருந்துவிட்டு, 2008 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பாபா இல்லம் என்று பெயர். பாபா என்பது மலாய்த் தீவுகளில் வேரூன்றிய சீன வம்சத்து ஆண்களைக் குறிக்கும் சொல். நடத்துவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்.

ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டையே இப்படிப் பார்வைக்குத் திறந்துவைத்தால் அதை வீட்டு அருங்காட்சியகம் என்கிறோம். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும் கும்பகோணத்தில் ராமானுஜன் வளர்ந்த வீடும் நமக்குத் தெரிந்தவை. ஆனால் அவை ஒரு மனிதரை நினைவுகூர்வதற்கான இடங்கள். வீடு எப்படி இருந்தாலும், அவர் இங்கே இருந்தார் என்பதே அங்கே முக்கியம். பாபா இல்லத்துக்கு அப்படி ஒற்றை நாயகர் யாரும் கிடையாது. வசதியான ஒரு குடும்பம் எங்கே சாப்பிட்டது, எங்கே சாமி கும்பிட்டது, வந்தவர்களில் யாரை எந்த அறைவரை விட்டது என்பதுதான் அங்கே விஷயம். அதனால் பார்க்கிற முறையையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மற்ற அருங்காட்சியகங்களில் நாம் பொருளைப் பார்த்துப் பழகியவர்கள். கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் ஒரு அட்டை, அதில் பெயரும் ஆண்டும். அதே பழக்கத்தோடு இந்த மாதிரி வீட்டுக்குள் போனால், நாலு நாற்காலி, ஒரு கட்டில், நிறைய பீங்கான் பார்த்தோம் என்று அரை மணியில் வெளியே வந்துவிடலாம். வீட்டில் ஒரு நாற்காலி எந்த மரத்தில் செய்தது என்பதைவிட, அது எந்தக் கூடத்தில் கிடக்கிறது, அதில் உட்கார்ந்தால் எது தெரியும், எது தெரியாது என்பது அதிகம் சொல்லும். பொருட்களைச் சுமந்து நிற்கும் வீடுதான் முதல் காட்சிப்பொருள். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான்.

யாருடைய வீடு

மலாய்த் தீவுகளுக்கு வியாபாரத்துக்கு வந்து தங்கிப்போன சீன ஆண்கள், அங்கிருந்த பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்கள் வழி வந்தவர்கள்தான் பெரனாக்கான் சீனர். ஆண்களை பாபா என்றும் பெண்களை நியோன்யா என்றும் சொல்வது வழக்கம். வீட்டுப் பேச்சு, தென் சீன மொழியான ஹொக்கியனின் சொற்கள் கலந்த மலாய். கும்பிடுவது சீனத் தெய்வங்களையும் முன்னோரையும். பெண்கள் உடுத்தியது கைலி போன்ற சாரோங்கும் கெபாயா என்ற மேல்சட்டையும். அடுப்படியில் தேங்காய்ப்பால், புளி, பெலாச்சான் என்ற இறால் விழுது. பிரிட்டிஷ் ஆட்சி வந்ததும் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மலாயும் தெரியும், ஹொக்கியனும் தெரியும், துரைமாரின் மொழியும் தெரியும் என்றால் துறைமுக ஊரில் அவர்களைத் தாண்டி யாரும் வியாபாரம் செய்ய முடியாது. அந்தச் செல்வாக்கு வளர்ந்து, 1900-ல் நீரிணைச் சீனர் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்ச் சீனர்) பிரிட்டிஷ் சங்கம் என்று ஒன்றையும் தொடங்கினார்கள்.

பெரனாக்கான் என்றால் சீனர் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ் வணிகர்கள் வழி வந்த மலாக்கா செட்டிகளும் பெரனாக்கான்களே. பேசுவது மலாய், சமயம் சைவம். மலாக்காவில் 1781-ல் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்களுடையது.

நீல் ரோட்டு வீட்டின் கதைக்கு வருவோம். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலிருந்து வந்தவர் வீ பின். 1856-ல் தன் பெயரில் கப்பல் நிறுவனம் தொடங்கி, அந்தக் காலச் சிங்கப்பூரின் பெரிய சீனக் கப்பல் முதலாளிகளில் ஒருவரானார். டச்சுக்காரர்கள் ஆண்ட தீவுகளோடு சரக்குப் போக்குவரத்து நடந்தது. அவர் வம்சத்தைச் சேர்ந்த வீ எங் செங் 1910-ல் இந்த வீட்டை வாங்கினார். அதற்குப் பிறகு 21-ஆம் நூற்றாண்டு வரை வீடு குடும்பத்தைவிட்டுப் போகவில்லை. மற்ற அலங்காரங்களைவிட எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. வீடு கைமாறிக் கைமாறிப் போயிருந்தால், ஒவ்வொருவரும் தங்கள் வசதிக்குச் சுவரை இடித்திருப்பார்கள், முற்றத்தை மூடியிருப்பார்கள், சமையலறையைப் பிரித்து இரண்டாம் குடித்தனத்துக்கு விட்டிருப்பார்கள். இதே வரிசை வீடுகளில் எத்தனையோ அப்படித்தான் ஆயின. இங்கே பழைய அமைப்பு தப்பித்தது.

ஏன் இத்தனை குறுகல், ஏன் இத்தனை நீளம்

வெளியிலிருந்து பார்த்தால் வீடு ஒடுக்கமாகத் தெரியும். உள்ளே போனால் முடியாமல் நீண்டுகொண்டே போகும். சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு ஊர்களின் பழைய கடைவீடுகளும் வரிசை வீடுகளும் எல்லாமே இந்த அச்சில் வார்த்தவைதான். பக்கத்து வீட்டோடு பங்குபோட்டுக்கொள்ளும் பொதுச்சுவர் இரண்டு புறமும். ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மர உத்தரம் போட்டு, அதன்மேல் பலகை அடித்தால் மாடி. ஆக, உத்தரத்துக்கு எவ்வளவு நீள மரம் கிடைக்குமோ அவ்வளவுதான் வீட்டின் அகலம், ஏறக்குறைய 5 முதல் 6 மீட்டர். அகலத்தைக் கூட்ட வழியில்லாததால் பின்பக்கமாக நீட்டினார்கள்.

ஒழுங்கான இந்த வரிசைக்குப் பின்னால் ஆட்சியாளரின் உத்தரவும் உண்டு. சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822-ல் நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோது, செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும், ஒவ்வொரு வீட்டின் முன்னும் மக்கள் நடந்துபோகக் கூரையுள்ள தாழ்வாரம் விட வேண்டும் என்று சொன்னார். செங்கல்லும் ஓடும் தீ பரவாமலிருக்க. தாழ்வாரம் வெயிலுக்கும் மழைக்கும். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் அஞ்சடி என்று சொல்வது இந்தத் தாழ்வாரத்தைத்தான். நம் ஊர்த் திண்ணை வீட்டுக்காரருடையது, வழிப்போக்கர் உட்காரலாம். அஞ்சடியோ வீட்டுக்காரர் தன் நிலத்தில் கட்டித்தந்து ஊருக்கு விட்டுக்கொடுத்த நடைபாதை.

நீளமான வீட்டில் நடுவில் இருட்டும் புழுக்கமும் தங்கிவிடும். அதற்குத்தான் முற்றம். பாபா இல்லத்தின் நடுவே மேல்கூரை திறந்த முற்றம் ஒன்று இருக்கிறது. சூடான காற்று அதன் வழியே மேலே போக, வாசல் பக்கமிருந்து புதுக்காற்று உள்ளே இழுக்கப்படும். வெளிச்சம் வரும், மழையும் உள்ளேயே விழும். மழைநீர் வீட்டுக்குள் இறங்கினால் செல்வம் இறங்குகிறது என்பது சீனர் நம்பிக்கை. ஓரத்து வடிகால் துளை வழியாக அது வெளியேறும். செட்டிநாட்டு வீட்டு வளவில் மழை நாளில் நின்று பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வாசலிலிருந்து அடுப்படி வரை

சரி, உள்ளே போகலாம். ஆனால் வாசலில் கொஞ்சம் நிற்க வேண்டும். இரட்டைக் கதவுக்கு முன்னால், ஆள் மார்பளவு உயரத்தில் செதுக்கு வேலைப்பாடுள்ள இன்னொரு சிறிய கதவு ஜோடி இருக்கும். மலாயில் பிந்து பாகார் என்பார்கள். பகலில் பெரிய கதவைத் திறந்துவைத்து, இந்த அரைக்கதவை மட்டும் சாத்திவைப்பார்கள். மேலும் கீழும் காற்று வரும். தெருவில் போகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. உள்ளே இருப்பவருக்கு வந்தவரின் தலை தெரிந்துவிடும். வீடு முழுக்க இனி நாம் பார்க்கப்போகிற கணக்கு இந்தக் கதவிலேயே தொடங்கிவிடுகிறது: காற்று எல்லோருக்கும், பார்வை சிலருக்கு மட்டும்.

முதல் கூடம் விருந்தினருக்கு. நேர் எதிரே தெய்வத்துக்கான பீடம், இரண்டு பக்கமும் முத்துச்சிப்பி பதித்த கருமர நாற்காலிகள். வியாபார விஷயமாக வருபவர் இங்கேயே உட்கார்ந்து பேசிவிட்டு இங்கேயே விடைபெறுவார். அதன் பின்னால் தங்க முலாம் பூசிய செதுக்குத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் முன்னோர் கூடம். குடும்பத்தில் இறந்தவர்களுக்கான பீடம் அங்கே இருக்கும். அந்த நாளில் உறவுக்காரர்தான் அதுவரை போகலாம். அதைத் தாண்டி முற்றம், சாப்பாட்டு இடம், கடைசியில் அடுப்படி. பின்னால் போகப் போக நெருக்கம் கூடும், அலங்காரம் குறையும். ஒருவர் எத்தனை அடி உள்ளே போனார் என்பதை வைத்தே அவருக்கும் குடும்பத்துக்கும் என்ன உறவு என்று சொல்லிவிடலாம்.

செதுக்குத் தடுப்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள். எட்டி நின்றால் பூவும் பறவையுமாக வெறும் அழகு வேலை. அருகில் போனால் செதுக்கலின் இடைவெளிகள் தெரியும். முன்கூடம் வெளிச்சமாகவும் தடுப்புக்குப் பின்னால் கொஞ்சம் மங்கலாகவும் இருப்பதால், பின்னால் நிற்பவருக்கு முன்கூடம் நன்றாகத் தெரியும், முன்கூடத்தில் இருப்பவருக்குப் பின்னால் ஆள் நிற்பதே தெரியாது. கல்யாணமாகாத பெண்கள் வெளி ஆண்கள் முன் வரக்கூடாது என்றிருந்த காலம் அது. வந்திருப்பது யார், என்ன பேசுகிறார்கள் என்று அவர்கள் இங்கிருந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

மாடியில் இதைவிட அழுத்தமாக ஒன்று இருக்கிறது. பெரிய படுக்கையறையின் தரைப் பலகையில் ஒரு சின்னத் துளை. மண்டியிட்டுக் குனிந்து கண்ணை வைத்தால் கீழே வாசல் பக்கம் வந்து நிற்பவர் தெரிவார். கதவைத் திறக்கச் சொல்வதா, வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லச் சொல்வதா என்பதை மேலே இருந்தபடியே முடிவு செய்யலாம். பீங்கான், நகை, கல்யாணக் கட்டில் எல்லாவற்றையும்விட இந்தத் துளைதான் இந்த வீட்டைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது. பெண்கள் அடைபட்டிருந்தார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது உண்மையும்தான். ஆனால் கட்டுப்பாட்டுக்குள்ளேயே வீட்டு நடப்பு எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருந்தவர்களும் அவர்களே. சமையல், பண்டிகை, கல்யாணப் பேச்சு என்று வீட்டுக்குள் அதிகாரம் மூத்த நியோன்யாவிடம்தான் இருந்தது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரு தரைத்துளை ஒன்றாகக் காட்டிவிடுகிறது.

அதே அறையில் செதுக்கு வேலைப்பாடுகளோடு சிவப்பும் பொன்னுமாக ஒரு கல்யாணக் கட்டில். பெரனாக்கான் கல்யாணம் மரபுப்படி 12 நாள் நடக்கும். மணப்பெண்ணின் அறையும் கட்டிலும் வந்தவர்களுக்குக் காட்டி மகிழ்வதற்கென்றே அலங்கரிக்கப்படும். மிக அந்தரங்கமான அறை கல்யாண நாட்களில் மட்டும் பொதுப் பார்வைக்கு வரும் என்பது யோசிக்க வைக்கிற விஷயம்.

சுவரில் ஒட்டிய மூன்று உலகங்கள்

முகப்புக்குத் திரும்பி அண்ணாந்து பாருங்கள். கூரை விளிம்புக்குக் கீழே மயிலைப்போல வால் விரித்த ஃபீனிக்ஸ் பறவைகளும் பியோனிப் பூக்களும் புடைத்து நிற்கும். வண்ணம் தீட்டியவை அல்ல. வண்ணப் பீங்கான் கிண்ணங்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஈரம் காயாத சுண்ணாம்புச் சாந்தில் ஒவ்வொரு சிறகாக, ஒவ்வொரு இதழாகப் பதித்துச் செய்தவை. தென் சீனத்திலிருந்து வந்த கைவேலை இது. கிண்ணத்தின் வளைவு அப்படியே இதழின் வளைவாக அமையும்படி துண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. வெயில் எவ்வளவு அடித்தாலும் பீங்கானின் நிறம் மங்காது என்பதால் வெப்ப நாட்டுக்குப் பொருத்தமான அலங்காரம்.

இந்த வகை வீடுகளின் முகப்பில் மூன்று இடங்களின் வேலைப்பாடுகள் கலந்திருக்கும். பறவையும் பூவும் பொன் எழுத்துப் பலகையும் சீனம். கூரை விளிம்பில் தொங்கும் மரச் சரிகை வேலையும் அரைக்கதவும் மலாய். அரைத்தூண், வளைவுச் சன்னல், சாய்ந்த சட்டங்கள் வைத்த சன்னல் கதவு ஐரோப்பா. 1900-க்குப் பிறகு கண்ணாடிப் பூச்சுள்ள வண்ண ஓடுகளும் இந்த வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. முதலில் இங்கிலாந்து, பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து. முதல் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலிருந்து. காரைக்குடிப் பக்கத்து வீட்டுச் சுவர்களில் ஜப்பான் ஓடு இருப்பது தற்செயல் இல்லை. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்து, அதே துறைமுகங்களின் வழியாகத்தான் பணத்தையும் பொருளையும் கொண்டுவந்தார்கள்.

சிலர் இந்தக் கலவையைப் பார்த்துவிட்டு, காசு இருந்ததால் கண்டதையும் ஒட்டிவிட்டார்கள் என்று நினைப்பதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எது எங்கே வரலாம் என்பதில் கறார் இருக்கிறது. ஐரோப்பியத் தூண் முகப்போடு நின்றுவிடும். முன்னோர் பீடத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கிடையாது. ஊருக்குக் காட்டும் முகம் வேறு, முன்னோருக்குக் காட்டும் முகம் வேறு என்று தெளிவாகப் பிரித்து வைத்திருந்தவர்கள் அவர்கள்.

எந்த ஆண்டின் வீடு?

வீட்டு அருங்காட்சியகம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள, கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இது. 1895-ல் கட்டி 2000-க்குப் பிறகும் குடும்பத்தின் கையில் இருந்த வீடு என்றால், நூறு ஆண்டுகளுக்கு மேலான வாழ்க்கை ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். மின்விளக்கு வந்திருக்கும். குழாய் வந்திருக்கும். பெயின்ட் பல முறை மாறியிருக்கும். இதில் எதைக் காட்டுவது?

பாபா இல்லம் எடுத்த முடிவு: கீழ்த்தளமும் முதல் மாடியும் சுமார் 1928-ல் எப்படி இருந்திருக்குமோ அப்படி. உலகப் பொருளாதாரப் பெருமந்தம் 1929-ல் தொடங்குவதற்குச் சற்று முந்தைய ஆண்டு அது. அந்த மந்தத்தில் ரப்பர் விலை சரிந்து பல பாபா குடும்பங்களின் செல்வம் கரைந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானிய ஆக்கிரமிப்பில் மிச்சமும் போனது. நகைகளும் நாற்காலிகளும் விலைபோயின. ஆக நாம் பார்ப்பது ஒரு வாழ்க்கை முறை உச்சத்தில் இருந்த கடைசி ஆண்டுகளை. மேல் மாடி மட்டும் இந்தக் கணக்கில் வராது. அங்கே காலத்துக்குக் காலம் மாறும் கண்காட்சிகள் நடக்கும்.

இப்படி ஓர் ஆண்டைச் சொல்லிவிட்டுச் செய்வது நேர்மையான வழி என்பது என் கருத்து. ஏனென்றால் எந்த வீட்டு அருங்காட்சியகமும் வாழ்ந்த வீட்டை அப்படியே வைத்திருப்பதில்லை. அதைத் திரும்ப அடுக்குகிறார்கள். பாபா இல்லத்திலும் குடும்பத்தின் பொருட்களோடு, அந்தக் காலத்துக்குப் பொருந்துகிற வேறு இடத்துப் பொருட்களும் சேர்ந்திருக்கின்றன. இது குற்றம் இல்லை. எது குடும்பத்துடையது, எது பிறகு சேர்த்தது என்று வழிகாட்டியிடம் கேட்டுவிட வேண்டும். நல்ல வழிகாட்டி சந்தோஷமாகச் சொல்வார்.

வீடு பல்கலைக்கழகத்துக்கு வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மலாக்காவில் பிறந்த பாபா குடும்பத்துத் தலைவர் துன் டான் செங் லாக், 1949-ல் மலாயா சீனர் சங்கம் என்ற கட்சியின் முதல் தலைவரானவர். அவர் மகள் ஆக்னஸ் டான் தன் தந்தையின் நினைவாக 40 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) நன்கொடை தந்தார். அந்தப் பணத்தில்தான் பல்கலைக்கழகம் இந்த வீட்டை வாங்கியது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தோடு சேர்ந்து புதுப்பிக்கும் வேலை நடந்தது.

புதுப்பிப்பது என்றால் பளபளவென்று ஆக்குவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பவர்களின் ஒழுக்கம் நேர் எதிரானது. சிங்கப்பூரில் ஆணையம் வைத்திருக்கும் விதியே, முடிந்தவரை பழையதைத் தக்கவை, பக்குவமாக மீட்டெடு, கவனமாகப் பழுதுபார் என்பதுதான். மூன்றிலும் தக்கவைப்பதுதான் முதலில் வருகிறது. ஓர் உத்தரத்தின் முனை மட்டும் இற்றுப்போயிருந்தால் முனையை மட்டும் வெட்டிப் புது மரம் ஒட்ட வேண்டும், உத்தரத்தையே தூக்கிப் போடக்கூடாது. சுவரின் பழைய நிறம் தெரிய வேண்டுமானால், ஓர் இடத்தில் சின்னக் கத்தியால் பெயின்ட்டைப் படிப்படியாகச் சுரண்டிக்கொண்டே போக வேண்டும். மரத்தை அறுத்தால் தெரியும் வயது வளையங்கள் மாதிரி, வண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வெளிப்படும்.

இதில் நம் ஊர் வீடுகளுக்கும் பொருந்துகிற ஒரு விஷயம் சுண்ணாம்பு. பழைய செங்கல் சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் தளம் கிடையாது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் காய்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, இன்னும் மேலே ஏறும். உப்பு படிந்து, செங்கல் பொடிந்து, கடைசியில் சிமென்ட் பூச்சே பாளம் பாளமாக விழும். ஊரில் தாத்தா காலத்து வீட்டுக்குச் சிமென்ட் பூசிவிட்டு, பூசின பிறகுதான் சுவர் கெட்டுப்போகிறது, என்ன காரணமோ தெரியவில்லை என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில். பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து.

சிங்கப்பூரில் சுண்ணாம்பு வேலைக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. இந்தியாவிலிருந்து பிரிட்டிஷார் கொண்டுவந்த கைதிகள்தான் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். 1862-ல் அது அர்ப்பணிக்கப்பட்டது. அதன் உட்சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். பாபா இல்லச் சுவர்களில் அந்தக் கலவை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நகரம் சுண்ணாம்பை எப்படிப் பயன்படுத்தக் கற்றது என்பதில் பெயர் பதியாத நம்மவர்களின் கையும் இருக்கிறது என்பதை மறக்க எனக்கு மனமில்லை.

வேறு வீடுகள், வேறு முடிவுகள்

ஒரே கேள்விக்கு மற்ற வீடுகள் வேறு பதில் தந்திருக்கின்றன. மலாக்காவில் பழைய ஹீரன் தெருவில், இன்றைய துன் டான் செங் லாக் சாலையில், சான் குடும்பம் 1861-ல் வாங்கி நான்கு தலைமுறை வாழ்ந்த வீடு, 1985-ல் பாபா நியோன்யா மரபு அருங்காட்சியகம் ஆனது. அதைத் திறந்தது குடும்பமே. அதனால் அங்கே ஒரு பொருளுக்குப் பின்னால் பாட்டி, பெரியப்பா என்று ஆளோடு கதை வரும். அதே தெருவின் 8-ஆம் எண் வீடு டச்சுக்காரர் காலத்தது. மலேசிய மரபுடைமை அமைப்பு ஒன்று அதைப் பழுதுபார்த்துவிட்டு, நாற்காலி கட்டில் போட்டு அலங்கரிக்காமல், பழுதுபார்த்த விதத்தையே காட்சியாக வைத்தது. கட்டடக்கலையில் ஆர்வம் இருக்கிறவர்களை முதலில் அங்கேதான் அனுப்புவேன்.

பினாங்கில் உள்ள பெரனாக்கான் மாளிகை இன்னொரு வகை. 1890-களில் அதைக் கட்டிய சுங் கெங் குவீ ஈயச் சுரங்க முதலாளி, சீனர் தலைவர். அவர் பாபா அல்லர். பிற்காலத்தில் ஒரு சேகரிப்பாளரின் பாபா நியோன்யாப் பொருட்கள் அந்த மாளிகையில் வைக்கப்பட்டன. பொருள் உண்மையானது, வீடும் உண்மையானது, இரண்டும் ஒரே குடும்பத்துடையவை அல்ல. தெரிந்துகொண்டு பார்த்தால் ரசிக்கலாம். தெரியாமல் பார்த்தால் இல்லாத ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொண்டு திரும்பிவிடுவோம்.

இந்த வீடுகள் எல்லாவற்றிலும் ஒரு குறையும் உண்டு. சமைத்தவர், தண்ணீர் சுமந்தவர், பிள்ளை தூக்கியவர், துணி துவைத்தவர் யார் என்பது பெரும்பாலும் தெரியாது. செல்வம் சேர்த்தவர்கள் படம் மாட்டி வைத்தார்கள், பீடத்தில் பெயர் எழுதி வைத்தார்கள். வேலைக்காரர்களுக்கு இரண்டும் இல்லை. அடுப்படியில் உரலும் அம்மியும் பளிச்சென்று துடைத்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது, இதில் அரைத்தது யார், எங்கே படுத்தார் என்று கேளுங்கள். வீட்டுக்குள் அவர் தூங்கிய இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும், அடுத்த முறை யாராவது தேடிப்பார்க்கத் தொடங்குவார்கள்.

பாபா இல்லம் நினைத்த நேரத்தில் நுழையக்கூடிய இடம் இல்லை. முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. பழைய பலகைத் தரையும் குறுகிய படியும் கூட்டத்தைத் தாங்காது. மலாக்கா வரை போக முடிந்தால், ஹீரன் தெருவோடு திரும்பிவிடாமல் கஜா பெராங் பக்கமும் போங்கள். அங்கே மலாக்கா செட்டிகள் வசிக்கும் கம்போங்கில் (கிராமக் குடியிருப்பில்) அவர்களுடைய சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஹீரன் தெரு மாளிகைகளின் பொன்வேலையும் முத்துச்சிப்பியும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். சாரோங் உடுத்தி, மலாயில் பேசி, மாரியம்மனைக் கும்பிடுகிற ஒரு சமூகம் தன் வீட்டுச் சாமான்களைத் தானே எடுத்து வைத்திருக்கிறது.